டிரையத்லானின் கதவு தண்ணீரில் இருக்கிறது

750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் இடையில் ஓய்வில்லாமல் அடுத்தடுத்து முடிக்க வேண்டும். இதுதான் ஸ்பிரிண்ட் எனப்படும் குறுந்தூர டிரையத்லான். தமிழில் நெடுமுப்போட்டி என்றும் எழுதுகிறார்கள். ஒலிம்பிக்கில் இடம்பெறும் தூரம் இதைவிடச் சரியாக இரண்டு மடங்கு.

நான் மலாக்காவில் பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டு மாணவி. கடந்த ஆண்டு பல்கலைக்கழக நண்பர்கள் குழுவோடு போர்ட்டிக்சன் சென்று என் முதல் ஸ்பிரிண்ட் போட்டியை முடித்தேன். அதைக் கேள்விப்பட்ட தமிழ் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "உனக்கு நீந்தத் தெரியுமா?"

20 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டியது யாருக்கும் வியப்பாகத் தெரியவில்லை. வெயிலில் 5 கிலோமீட்டர் ஓடியதும் அப்படித்தான். ஒரு தோட்டத்துப் பெண் கடலில் நீந்தினாள் என்பதைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர்கள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மூன்று பகுதிகளும் சேர்ந்து 25.75 கிலோமீட்டர். அதில் நீச்சல் 3 விழுக்காடுகூட இல்லை. என் போட்டியில் நீச்சலுக்கு 24 நிமிடம், சைக்கிளுக்கு 51 நிமிடம், ஓட்டத்துக்கு 33 நிமிடம் ஆனது. மூன்றில் சிறியது நீச்சல். ஆனால் வரிசையில் முதலில் நிற்பதும் அதுதான். அந்த 750 மீட்டரைக் குறித்த நேரத்தில் கடக்காதவர் தன் சைக்கிளைத் தொடவே முடியாது. கால் எவ்வளவு வலுவாக இருந்தாலும் கதவு தண்ணீரில் இருக்கிறது. நம் மாணவர்கள் பலர் இந்த விளையாட்டுப் பக்கமே வராததற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

கால்கள் நம்மிடம் உண்டு

ஓட்டமும் சைக்கிளும் நமக்குப் புதியவை அல்ல. டாக்டர் மணி ஜெகதீசன் 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி வரை சென்றார். அங்கு அவர் ஓடிய 20.92 வினாடி, 2017இல் மலாக்காவைச் சேர்ந்த கைருல் ஹபிஸ் ஜந்தான் 20.90 வினாடியில் ஓடும் வரை தேசியச் சாதனையாக நின்றது. 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் ஜி. சரவணன் தங்கம் வென்றார். சைக்கிளோட்டத்தில் எம். குமரேசன் 1992, 1996 என இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் நாட்டைப் பிரதிநிதித்தார்.

மலாக்காத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. மலாயாவில் வணிக முறையில் ரப்பர் பயிரிடப்பட்ட முதல் இடங்களில் ஒன்று நம் மாநிலத்தின் புக்கிட் லிந்தாங். 1896இல் தான் சே யான் அங்கு மரங்களை நட்டார். அடுத்து புக்கிட் ஆசஹானும் ரப்பர் தோட்டமானது. அந்தக் காலம் தொட்டு நம்மவர்களுக்கு நடையும் ஓட்டமும் பிழைப்பின் பகுதி. பால் மரம் வெட்டிய என் பாட்டி விடியுமுன் நிரையில் நின்றவர். பால் வாளியைக் காண்டாக் கம்பில் சுமந்து அவர் நடந்த தூரத்தை யாரும் அளந்ததில்லை. ஜாசின் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தில், தமிழ்ப்பள்ளிக்குப் போகச் செம்மண் பாதையில் சைக்கிள்தான். கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் விளையாட்டுப் போட்டியிலும் ஓட்டத்துக்குத்தான் கூட்டம் சேரும். இடைநிலைப்பள்ளியில் நானும் குறுக்கோட்டப் போட்டியில் மாவட்ட நிலை வரை ஓடினேன்.

தண்ணீர் தூரமானது எப்படி?

அதே தோட்டத்தில் ஒரு குட்டை இருந்தது. கன்றுகளுக்குத் தண்ணீர் இறைக்க வெட்டியது. மழைக்காலத்தில் நிரம்பி மஞ்சளாக நிற்கும். நான் பிறப்பதற்கு முன்பு ஒரு பையன் அதில் குளிக்க இறங்கி மூழ்கிவிட்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது. அவனைக் காப்பாற்ற ஓடி வந்தவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்: தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது.

இந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அம்மாக்களின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் "தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்பது ஒரு பிள்ளையைக் கரையில் இருக்கும் வரைதான் காக்கும். பள்ளிச் சுற்றுலாவில், ஆற்றோரக் குடும்பச் சந்திப்பில், வெள்ளத்தில் அது காக்காது. நீச்சல் தெரியாத பெற்றோர், நீச்சல் தெரியாத பிள்ளைகளை வளர்க்கிறோம். அவர்களும் பெற்றோராகும்போது அதே சட்டத்தைச் சொல்கிறார்கள்.

பக்கத்து நாடான சிங்கப்பூர் 2010இல் சுவிம்சேஃபர் என்ற திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு நீச்சலும், நீரில் உயிர் காத்துக்கொள்ளும் முறையும் அதில் படிப்படியாகக் கற்றுத் தரப்படுகின்றன. அங்கு ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் பள்ளி வழியாகவே இது கிடைக்க வாய்ப்புண்டு. நான் படித்த தமிழ்ப்பள்ளியில் திடல் இருந்தது, பூப்பந்து வலை இருந்தது. நீச்சல் குளத்தை நாங்கள் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம்.

தமிழனுக்கும் கடலுக்கும் ஒட்டாது என்று சொல்லவும் வழியில்லை. இலங்கை வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, அங்கிருந்து திரும்பவும் நீந்தியே வந்தார். மொத்தம் 51 மணி நேரம். ஆழிக்குமரன் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது அப்படித்தான். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிரிழந்தார். தமிழ்நாட்டின் குற்றாலீசுவரன் 1994இல், 12 வயதில், பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தார். நம் நாட்டின் அப்துல் மாலிக் மைடின் 2003இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் மலேசியரானார். கடலோரத்தில் பிறந்தவர்களும் குளத்துக்குப் போக முடிந்தவர்களும் நீந்தினார்கள். தோட்டத்துக்கு வந்தவர்களுக்குக் கடலும் இல்லை, குளமும் இல்லை. வித்தியாசம் இரத்தத்தில் இல்லை, வாய்ப்பில் இருக்கிறது.

19 வயதில் அரிச்சுவடி

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் பருவத்திலேயே எங்கள் ஓட்டக் குழுவில் சிலர் டிரையத்லானுக்குப் பயிற்சி எடுப்பதைப் பார்த்தேன். எனக்கும் ஆசை வந்தது. வீட்டில் சொன்னபோது அம்மா, "ஓடு, சைக்கிள் ஓட்டு, வேணாம்னு சொல்லல. தண்ணியில மட்டும் இறங்காதம்மா" என்றார். பாட்டி அதற்கும் மேலே போய், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இந்த ஆபத்து?" என்றார். அவர்களிடம் நான் வாதம் செய்யவில்லை. பயிற்றுநர் இருக்கும் குளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் தொடங்குவதாகச் சொன்னேன். முதல் வகுப்புக்கு அம்மாவையும் அழைத்துப் போனேன்.

பயிற்றுநர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. நாங்கள் "காக்" என்றுதான் கூப்பிடுவோம். முதல் இரண்டு வாரம் அவர் கையை வீசவோ காலை உதைக்கவோ சொல்லவில்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சை வெளியே விட வேண்டும், தலையைத் திருப்பி மூச்சை இழுக்க வேண்டும். அவ்வளவுதான். தரையில் ஓடுபவருக்கு மூச்சு தானாக நடக்கும். தண்ணீரில் மூச்சு ஒரு பாடம். பயந்தவர் மூச்சை அடக்குகிறார், அடக்கியதும் உடல் இறுகுகிறது, இறுகியதும் கால் கீழே போகிறது. மூச்சை விடத் தெரிந்த பிறகு மிதப்பது வந்தது. மிதப்பு வந்த பிறகுதான் கையும் காலும்.

உடை பற்றியும் சொல்ல வேண்டும். நம் பெண் பிள்ளைகள் பலர் குளத்துக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணம். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை இங்கே கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. முஸ்லிம் தோழிகள் அணிவதை நாமும் அணியலாம். வெயிலுக்கும் நல்லது. என் பாட்டியின் எதிர்ப்பில் பாதி அந்த உடையைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

நிற்காமல் 25 மீட்டர் நீந்த எனக்கு ஆறு வாரம் ஆனது. 100 மீட்டருக்கு மூன்று மாதம். 750 மீட்டரைத் தொட எட்டு மாதம். சிறு வயதில் கற்றவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் வளர்ந்த பிறகு கற்பதில் ஒரு நன்மை உண்டு. என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்பது நமக்குப் புரிகிறது.

குளம் வேறு, கடல் வேறு. கடலில் பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை, அடியில் கோடு இல்லை. நேராகப் போகிறோமா என்று பார்க்க, சில வீச்சுகளுக்கு ஒரு முறை முதலையைப்போல் கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்க வேண்டும். மலாக்காக் கரையில் பல இடங்கள் சேறு. அதனால் மஸ்ஜித் தானா பக்கம் தஞ்சோங் பிடாராவில், குழுவாக, கூடவே கயாக் படகில் ஒருவர் வர, கரைக்கு இணையாக நீந்திப் பழகினோம். தனியாக ஒருநாளும் இறங்கியதில்லை.

போட்டி நாளில் நடப்பது என்ன?

போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். விடியுமுன் போய் உங்கள் சைக்கிளைக் குறிப்பிட்ட இடத்தில் மாட்ட வேண்டும். அந்த இடத்துக்கு மாற்றுமிடம் என்று பெயர். தலைக்கவசம், காலணி, தண்ணீர் எல்லாவற்றையும் எடுக்கும் வரிசையில் அடுக்க வேண்டும். பிறகு வயதுப் பிரிவு வாரியாக, ஒரே நிறத் தொப்பி அணிந்து கடற்கரையில் நிற்க வேண்டும்.

குளிர்நாடுகளில் மிதக்க உதவும் தடித்த ரப்பர் உடையோடு நீந்துவார்கள். நம் கடல் வெதுவெதுப்பானது என்பதால் இங்கே அது கிடையாது. ஆனால் விதிமுறை புதியவருக்கு இரக்கம் காட்டுகிறது. எந்த நீச்சல் முறையிலும் நீந்தலாம். மல்லாந்து மிதந்து இளைப்பாறலாம். மிதவையையோ காவல் படகையோ பிடித்துக்கொண்டு நிற்கலாம். அதைத் தள்ளி முன்னேறுவதுதான் தவறு. உதவி வேண்டுமென்றால் கையை உயர்த்தினால் போதும். முதல் 100 மீட்டரில் பக்கத்தில் இருப்பவரின் கை உங்கள் மேல் படும், கால் உதைக்கும், உப்புத் தண்ணீர் வாய்க்குள் போகும். நான் கூட்டத்தின் ஓரத்தில் நீந்தினேன். இரண்டாவது மிதவையில் அரை நிமிடம் மல்லாந்து மிதந்தேன். அப்போது காதில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

அம்மா கரையில் குடையோடு நின்றார். ஒரே நிறத் தொப்பிகளில் நான் எது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தொப்பியாக எண்ணிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார். நான் மணலில் எழுந்து நின்றதும் அவர் கூப்பிட்டது என் பெயரை அல்ல, "ஆத்தா!" என்றுதான்.

மாற்றுமிடத்தில் கடிகாரம் நிற்பதில்லை. தலைக்கவச வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம். குறித்த கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஏறலாம். பெரும்பாலான பொதுப் போட்டிகளில் முன்னே போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றைத் தவிர்ப்பதும் தடை. ஜாசின்–மெர்லிமாவ் சாலையில் செம்பனைக் குலை லாரிகளுக்கும் நாய்களுக்கும் ஒதுங்கிப் பழகிய எனக்கு, மூடப்பட்ட சாலை ஒரு பரிசு. ஆனால் சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கியதும் கால் நம் கால்போல் இருக்காது. தொடை இறுகி, முழங்கால் கூழாகிவிடும். இதற்காகத்தான் சைக்கிள் ஓட்டிய உடனே ஓடும் பயிற்சியை வாரம் ஒருமுறை செய்கிறோம். முதல் கிலோமீட்டர் போனதும் கால் திரும்பி வந்துவிடும். கடைசி 4 கிலோமீட்டர் எனக்குத் தெரிந்த வேலை.

மாற்றுமிடத்தில் செலவான நேரத்தையும் சேர்த்து 1 மணி 53 நிமிடம். பட்டியலில் நடுவுக்கும் கீழே. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தது.

படிப்போடு ஒத்துவருமா?

இந்த விளையாட்டின் வரலாற்றில் மாணவர்களுக்கு இடம் உண்டு. டிரையத்லான் என்ற பெயரில் முதல் போட்டியை 1974 செப்டம்பர் 25இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஓர் ஓட்டக் கழகம் நடத்தியது. 1978இல் ஹவாயில் நடந்த முதல் அயர்ன்மேன் போட்டியில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தனர். 1982இல் அதே ஹவாய் போட்டிக்கு ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி தன் உடலியக்கவியல் ஆய்வேட்டுக்காக வந்தார். முன்னணியில் ஓடியவர் முடிவுக்கோட்டுக்கு அருகில் சுருண்டு விழுந்தார். கடைசி தூரத்தை ஊர்ந்தே கடந்து இரண்டாமிடம் பெற்றார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துத்தான் பலர் இந்த விளையாட்டை அறிந்தார்கள். 2000 சிட்னியில் டிரையத்லான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு 2014இல் பெண்களுக்கான டிரையத்லானை வளர்ந்துவரும் விளையாட்டுகளின் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டின் கிம்பர்லி யாப் 2007 சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். 2017இல் சீ விளையாட்டின் டிரையத்லான் நம் புத்ராஜெயாவில் நடந்தது.

எனக்கு வாரம் மூன்று நாள் நீச்சல், இரண்டு நாள் சைக்கிள், இரண்டு நாள் ஓட்டம். பெரும்பாலும் காலை 6 முதல் 7.30 வரை. தேர்வு வாரத்தில் பாதியாகக் குறைத்துவிடுவேன். புகைமூட்டம் கூடி காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளிப்பயிற்சி இல்லை. பணமும் ஒரு கேள்விதான். நான் வாங்கிய பழைய சைக்கிள் 1,300 ரிங்கிட். அதற்கு இரண்டு விடுமுறைகள் பகுதிநேர வேலை பார்த்தேன். நீச்சல் வகுப்பு மாதம் 120 ரிங்கிட். இது எல்லா வீட்டிலும் இருக்கும் பணம் அல்ல.

தொடங்க நினைப்பவர்களுக்கு

முதலில் நீச்சல். சைக்கிள் வாங்குவதற்கு முன் நீச்சல் வகுப்புக்குப் பணம் கட்டுங்கள். போட்டிக்குப் போகாவிட்டாலும் அந்தப் பணம் வீணாகாது.

இரண்டாவது, குழுவாகத் தொடங்குங்கள். பல போட்டிகளில் அஞ்சல் பிரிவு உண்டு. ஒருவர் நீந்த, ஒருவர் சைக்கிள் ஓட்ட, ஒருவர் ஓடலாம். ஓட்டமும் சைக்கிளும் மட்டும் உள்ள டூயத்லானும் நல்ல தொடக்கம். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

மூன்றாவது, உடலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான்களை ஆராய்ந்த ஒரு மருத்துவ ஆய்வில் உயிரிழப்பு, இதயத்துடிப்பு நின்று மீட்கப்பட்டது என 135 சம்பவங்கள் பதிவாகின. அவற்றில் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது 47. மாணவர்களுக்கு ஆபத்து குறைவுதான். ஆனால் நெஞ்சுவலி, மயக்கம், குடும்பத்தில் இதய நோய் இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் கடலில் இறங்க வேண்டாம்.

நான்காவது வேண்டுகோள் பெரியவர்களுக்கு. ஆண்டுதோறும் நம் கோயில்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் ஓட்டப் போட்டி நடத்துகின்றன. கால்பந்துக்குக் கிண்ணம் தருகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பள்ளி விடுமுறையில் இருபது பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றி, பொது நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போக முடியாதா? பத்து வகுப்பில் யாரும் வீரராக மாட்டார்கள். ஆனால் தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொள்வார்கள்.

என் சித்தி மகளுக்கு இப்போது ஒன்பது வயது. சனிக்கிழமைகளில் அவளை நான் குளத்துக்கு அழைத்துப் போகிறேன். அவள் டிரையத்லான் செய்வாளா என்று எனக்குத் தெரியாது. போன வாரம் 25 மீட்டரை நிற்காமல் கடந்தாள். அதற்கு எனக்குப் பத்தொன்பது வயது ஆக வேண்டியிருந்தது.